வாங்கிய பெட்டியைத் தூக்காதீர்கள்

மட்டாஞ்சேரிக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு நான் எத்தனையோ புத்திமதி சொல்லியிருக்கிறேன். அவற்றில் எல்லோரும் சிரித்துவிட்டு மறந்தது ஒன்றுதான்: நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பொருளாகவே இருக்கட்டும், கடை வாசலைத் தாண்டியபின் அதை உங்கள் கையால் தூக்காதீர்கள்.

மற்றவற்றைக் கேட்டுக்கொள்வார்கள். காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதே, இளநீர் குடி. எர்ணாகுளம் போட்டில் ஏறும்போது சில்லறை வைத்துக்கொள். இடது கையால் எதையும் நீட்டாதே. குளிக்கும் பெண்களைப் படம் பிடிக்காதே. பிடித்தால் கேமரா குளத்துக்குள் போகும். சொன்ன விலையில் பாதியைக் கேள், ஆனால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டால் வாங்காமல் போகாதே. இதையெல்லாம் அவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். நானும் ஒரு ராணிபோல நின்று சொல்வேன். என் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்து, ப்ரீடிகிரி முடித்து, யூதத்தெருவின் பழம்பொருள் கடையில் வெள்ளைக்காரர்களோடு பேசுவதற்கென்றே சம்பளம் வாங்கினேன். அடக்கமாக இதைச் சொல்ல எனக்கு வராது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தெருவில் அப்படி ஒரு பெண் நான் மட்டும்தான்.

சுமையைப் பற்றிய புத்திமதிக்கு வருகிறேன். எங்கள் தெருவில் மிளகு மூட்டையோ மேஜையோ, தரையிலிருந்து எழும்ப வேண்டுமானால் யூனியன்காரர்கள் கைவைக்க வேண்டும். அது அவர்கள் பிழைப்பு. அடிபட்டும் பட்டினி கிடந்தும் வாங்கிய உரிமை. கைவண்டியில் ஏற்றிய பிறகு யார் வேண்டுமானாலும் தள்ளலாம். என் அண்ணன் தள்ளுகிறவன். பக்கத்திலிருக்கும் சுள்ளிக்கல்லில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தவர் என்பதால் தெருவுக்கு அவன் ‘பாண்டி’. நான்கு வருடமாக யூனியன் கார்டுக்காகக் காத்திருந்தான். வரும் ஓணத்துக்குள் கிடைக்கும் என்று கன்வீனர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அதுவரை ஒரு தகராறும் கூடாது. அதற்காக அண்ணன் விழுங்கிய வசவுகளை நான் கேட்டிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளுவான். நான்தான் வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எறிவேன்.

மழை விட்ட ஒரு காலையில் டென்மார்க்கிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் படகு கட்டும் தச்சர். பித்தளைப் பூண் போட்ட தேக்குப் பெட்டி ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்து வாங்கினார். எர்ணாகுளம் படகில் ஏற்றுவதற்கு அண்ணன் வண்டியோடு வாசலில் நின்றான்.

“நீங்கள் தொடாதீர்கள். நான் ஆள்களை அழைத்து வருகிறேன்” என்றேன்.

“நான்கு அடி தூரம்தானே?” என்றார்.

“நான்கு அடிதான். தொடாதீர்கள்.”

“எங்கள் ஊரில் தன் பாரத்தை இன்னொருவன் தலையில் வைப்பது வெட்கம்” என்றார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

மூலையிலுள்ள சாயாக்கடைக்குப் போய் யூனியன்காரர்களைக் கூப்பிட்டேன். நான்கு பேர் டம்ளரை வைத்துவிட்டு, தோளில் தோர்த்துத் துண்டும் கையில் சாக்குக் கொக்கியுமாக என் பின்னால் வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் வாசலில் பெட்டி பாதி அந்தரத்தில் நிற்கிறது. டென்மார்க்காரர் தனியாகத் தூக்கி, ஈரப் படியில் வழுக்கி உட்கார்ந்திருந்தார். பெட்டியின் ஒரு முனை அவர் பாதத்தின்மேல் இறங்கியிருந்தது. அண்ணன் குனிந்து இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

பின்னால் வந்தவர்கள் கண்ணுக்குப் பாதம் தெரியவில்லை. பாண்டி பெட்டி தூக்குகிறான் என்பது மட்டும் தெரிந்தது.

“எடா பாண்டி! ஆரோடு சோதிச்சிட்டாடா நீ பெட்டி எடுத்தது?”

யாரைக் கேட்டுத் தூக்கினாய் என்று கேட்டபடியே முதல் அடியை முதுகில் போட்டார்கள். வண்டியில் கிடந்த முட்டுக்கட்டையால் அடித்தார்கள். அண்ணன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அந்த மனிதரின் கால் நசுங்கிவிடும். “காலு! காலு!” என்று மட்டும் கத்தினான். யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது அடி தோளில். மூன்றாமவன் கொக்கியின் வளைவால் அவன் மணிக்கட்டில் ஓங்கி இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல. அப்போதும் மற்றொரு கை பெட்டியை விடவில்லை. டென்மார்க்காரர் காலை உருவிக்கொண்ட பிறகுதான் பெட்டி படியில் விழுந்தது. அதன்மேல் அண்ணனும் விழுந்தான். விழுந்தவனை மிதித்தார்கள்.

எழுந்த டென்மார்க்காரர் முஷ்டியை மடக்கி ஒருவன் மூக்கில் குத்தினார். ரத்தம் மீசையில் வழிந்தது. அவன் அவரைப் பார்த்தான். வெள்ளைத் தோலைப் பார்த்தான். பிறகு திரும்பி, அந்தக் குத்துக்கும் சேர்த்து அண்ணனின் விலாவில் உதைத்தான்.

அன்னிய நாட்டுக்குப் போகிற எல்லோருக்கும் நான் சொல்ல நினைப்பது இதைத்தான். நீங்கள் செய்யும் தப்புக்கு உங்களை யாரும் அடிக்கப் போவதில்லை. பக்கத்தில் நிற்கிறவனை அடிப்பார்கள்.

நான் சும்மா நிற்கவில்லை. கடையிலிருந்த குத்துவிளக்கின் தண்டை உருவி, உதைத்தவனின் காதோரம் வீசினேன். அவன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் என் ஜடையைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

“ஞங்ஙளெ விளிக்கான் வந்தது நாடகம், அல்லேடீ?” நான் அவர்களை அழைத்ததே ஏமாற்றுவேலை என்பது அவன் முடிவு. “பெண்ணாயிப்போயி. இல்லெங்கில் காணாமாயிருன்னு.” பெண் என்பதால்தான் இதோடு விடுகிறானாம்.

முதலாளி பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றார். அடித்தவர்கள் போன பிறகு முழுக்கதவையும் திறந்தார்.

“போலீசுக்குப் போவோம். நானே எழுதிக் கொடுக்கிறேன். நான் சாட்சி” என்றார் டென்மார்க்காரர். அவர் மனைவி தன் கழுத்துத் துணியால் அண்ணனின் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. ‘போலீஸ்’ என்ற சொல் மட்டும் புரிந்தது.

“போலீசு வேண்டாம்னு சொல்லு தங்கச்சி. கார்டு போயிரும்.” வாயில் ரத்தத்தோடு சொன்னான்.

சொன்னேன். “இது அநியாயம். இதை விட்டுவிட்டு எப்படிப் போவது? நீங்கள் பயப்படுகிறீர்கள்” என்றார் அவர்.

“நாளைக்கு நீங்கள் கோவாவில் இருப்பீர்கள். நாங்கள் இந்தத் தெருவில் இருப்போம்” என்றேன். “நியாயம் செய்ய ஆசையாக இருந்தால் போலீசுக்கு வேண்டாம். என்னோடு யூனியன் ஆபீசுக்கு வாருங்கள். என்ன நடந்தது என்று சொல்லுங்கள். நான் சொன்னால் தங்கை என்பார்கள்.”

படகுக்கு நேரமாகிறது என்றார். நான் அவர் வாங்கிய பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தேன். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் புடவையில் சொட்டியது. “இறங்கு பெண்ணே, மானத்தை வாங்காதே” என்று முதலாளி கத்தினார். “அவர் வரும்வரை இந்தப் பெட்டி இந்த இடத்தைவிட்டு நகராது” என்றேன். அவர் மனைவி அவரிடம் தங்கள் மொழியில் என்னவோ கடுமையாகச் சொன்னாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். அவளே அண்ணனை ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

யூனியன் ஆபீஸ் சாயாக்கடையின் மாடியில் இருந்தது. கன்வீனர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். அடித்த நால்வரும் சுவரோரம் நின்றார்கள். ஒருவன் மூக்கில் பஞ்சு, ஒருவன் காதில் பஞ்சு.

டென்மார்க்காரர் நடந்ததைச் சொன்னார். நான் மலையாளத்தில் சொன்னேன். கடைசியில், “இவர்கள் மிருகங்கள் என்று சொல்” என்றார். அதையும் சொன்னேன். ஒரு சொல்லையும் விழுங்குவதற்காக நான் ஆங்கிலம் படிக்கவில்லை. நால்வரும் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார்கள். கன்வீனர் விரலை உயர்த்தினார்.

“மோளே, சாயிப்பினோடு ஷூ ஊரான் பற.”

ஷூவைக் கழற்றச் சொன்னேன். பாதத்தின் குறுக்கே, பெட்டியின் பூண் பதிந்த இடம் கறுத்துத் தடித்திருந்தது. கன்வீனர் நாற்காலியிலிருந்து இறங்கி, உட்கார்ந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். டென்மார்க்காரர் அலறினார்.

“இது சுமடு எடுத்ததல்ல” என்றார் கன்வீனர், சுவரோரம் பார்த்து. “ஒரு மனுஷன்டெ காலு ரக்ஷிச்சதாணு. கண்ணில்லேடா நிங்ஙள்க்கு?”

மூக்கில் பஞ்சு வைத்தவன், “அவன் திரிச்சு அடிச்சில்ல. அதும் ஞான் கண்டு” என்றான். திருப்பி அடிக்கவில்லை என்பது அங்கே பெரிய சான்றிதழ்.

பிறகு அந்த நால்வரே வந்து பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிடைத்த கூலியில் ஒரு பங்கைக் கன்வீனர் என் உள்ளங்கையில் வைத்தார். கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருப்பவனுக்கு எதற்கு என்றேன். வேலை நடக்கும்போது சும்மா நின்றவனுக்கும் பங்குண்டு, அவன் நம் ஆளாக இருந்தால் போதும் என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் விரல்களை மூடிக்கொண்டேன். டென்மார்க்காரர் இது என்ன பணம் என்று கேட்டார். விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை.

ஓணத்துக்கு முன்னால் கார்டு வந்தது. மணிக்கட்டு கோணலாகக் கூடியது. அண்ணன் அதை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, மூட்டைக்கு வசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். அம்மா கார்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். என் ப்ரீடிகிரி சான்றிதழ் தகரப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அடுத்த வருடம், மழை கட்டிக்கொண்டு நின்ற ஒரு மதியம், பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் நார் கொண்டுவந்த லாரி எங்கள் கடைக்கு எதிரே நின்றது. டிரைவர் கூப்பிட்டுப் பார்த்தார், ஆள் வரவில்லை. முதல் துளி விழுந்ததும் அவரே இரண்டு கட்டுகளை இறக்கிப் பண்டகசாலைக்குள் வைத்தார். மூன்றாவதைத் தோளில் வைத்தபோது மூலையிலிருந்து ஆறு பேர் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன் என் அண்ணன்.

“அண்ணே, மழை வருதுண்ணே. நனைஞ்சா நாறிப்போயிரும்ணே” என்றார் டிரைவர்.

அண்ணன் தமிழில் பதில் சொல்லவில்லை. “மழையாணெங்கிலும் வெயிலாணெங்கிலும் இவிடெ நியமம் ஒன்னே உள்ளூ” என்றான். இடது கையால் சட்டைக் காலரைப் பிடித்து, வலது கையால் வாயில் அடித்தான். டிரைவர் பல்லைத் துப்பினார். மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் “அண்ணே!” என்று கத்தினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தபடியே இன்னொரு முறை அடித்தான்.

என் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு அம்மாள் கையில் பித்தளைக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். வெளியே போய்த் தடுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், உள்ளே வாருங்கள், நீங்கள் போனால் அவருக்கு அடி கூடும் என்றேன். கதவை நானே சாத்தினேன்.

“அவர்கள் உனக்குத் தெரிந்தவர்களா?” என்றாள்.

“அடிக்கிறவர் என் அண்ணன்” என்றேன்.