திருப்பிப் போட்ட ஏழு விநாடி

‘மாதிரி கேசட் முடிந்தது. மொத்தம் நான்கு நிமிடம். காட்சிகள் பதினாறு. ஒன்பதாவது: வேலூர் சர்ச், வெள்ளைப் புடவை, ஏழு விநாடி.’

என் நோட்டில் 2001 ஆடி மாதத்துப் பக்கத்தில் இப்படி இருக்கிறது. அந்த ஒன்பதாவது காட்சியை நாங்கள் என்ன செய்தோம் என்பதை மட்டும் எழுதிவைக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆம்பூர் பஜாரில் என் நண்பர் கல்யாண வீடியோ கடை வைத்திருந்தார். எனக்கு ஷூ கம்பெனியில் ஆள் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் வேலை. மாலையில் அவர் கடைக்குப் போய் கேசட்டுகளுக்கு டைட்டில் எழுதுவேன். எந்தக் கல்யாணம், எந்த டேப், கேமரா யார் என்று நோட்டில் பதிவேன். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கடை காற்று வாங்கியது. நல்ல காட்சிகளாகச் சேர்த்து ஒரு மாதிரி கேசட் செய்து, டிவியைத் தெருப் பக்கம் வைத்து ஓடவிட்டால் ஆள் வரும் என்றார் நண்பர். பழைய டேப்புகளிலிருந்து அழகாக வந்த மணப்பெண்களைப் பொறுக்கினோம். அசல் சத்தத்தை எடுத்துவிட்டுக் கீபோர்டு இசை போட்டோம்.

"இன்னாய்யா, எல்லாப் பொண்ணும் ஒரே பக்கமா பாக்குது? பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி கீது," என்றார் நண்பர். "இந்தச் சர்ச் பொண்ணைத் திருப்பிப் போடு."

காட்சிகளை ஒட்டிச் சேர்க்கும் வீடியோ மிக்ஸரில் ஒரு பொத்தானை அழுத்தினேன். இடது வலதானது. இப்போது அவளும் அடுத்து வரும் மணப்பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்கு ஒரே பெருமை.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு பெரியவர் டிவி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர் என்று சொல்லிக்கொண்டார். "அந்த வெள்ளைப் புடவை என் பொண்ணு," என்றார்.

"வாங்க சார், உக்காருங்க! பாப்பா எப்படிக் கீது?" என்று நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டிசம்பர்ல தவறிட்டா. காய்ச்சல்."

நண்பர் டிவியை அணைக்கப் போனார். "நிறுத்தாதீங்க," என்றார் பெரியவர்.

முழுக் கேசட் மருமகனோடு துபாய் போய்விட்டதாம். எங்களிடமும் அசல் இல்லை. கேசட் கொடுத்த இரண்டு மாதத்தில் அந்த டேப்பிலேயே வேறு கல்யாணம் எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். மிஞ்சியது இந்த ஏழு விநாடிதான்.

திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். "என் பொண்ணுதான். ஆனா முகம் வேற யாரோ மாதிரி இருக்குங்க," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாப்பிள்ளை இடத்தை நான்தான் பிடிவாதமா முடிச்சேன். அந்தக் கோவத்துல அவ கல்யாணத்தன்னைக்கு என் மூஞ்சியே பாக்கல. இதுலயும் பாருங்க, பொம்பளைங்க பக்கம்தான் திரும்பிச் சிரிக்கிறா," என்றார்.

அவர்கள் சர்ச்சில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம். டிவியில் அவள் வலது கன்னத்தில் ஒரு மச்சம் தெரிந்தது. "சார், பாப்பாவுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?" என்று கேட்டேன்.

"இடது..." என்று ஆரம்பித்தவர் டிவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

படத்தைத் திருப்பியது நாங்கள்தான் என்று சொல்லி, மறுபடி மிக்ஸரில் விட்டு நேராக்கினேன். மச்சம் அதன் இடத்துக்கு வந்தது. அவள் ஆண்கள் பக்கம் பார்த்துச் சிரித்தாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "நான் முதல் வரிசையில இருந்தேன். என்னைத்தானா?"

நண்பர் யோசிக்கவே இல்லை. "உங்களத்தான் சார். கேமரா என் கையில. என் கண்ணால பாத்தேன்."

நோட்டு என் எதிரில் திறந்திருந்தது. அன்று சர்ச்சில் கேமரா பிடித்தவர் குடியாத்தத்திலிருந்து கூலிக்கு வந்த ஆள். நண்பர் அந்த நேரம் மண்டபத்தில் லைட் கட்டிக்கொண்டிருந்தார். நான் நோட்டை மூடினேன்.

நேராக்கிய காட்சியை ஒரு கேசட்டில் போட்டுக் கொடுத்தோம். பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். "இன்னா அப்படிப் பாக்கற? வேற இன்னா சொல்லச் சொல்ற?" என்றார் நண்பர்.

அந்தக் காட்சியை மாதிரி கேசட்டிலிருந்து எடுத்துவிட்டோம். ஆனாலும் என் கண்ணுக்கு வருவது மச்சம் மாறிய முகம்தான். நேராக்கிய முகத்தை எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடிந்ததில்லை. முகம் மழிக்கக் கண்ணாடி முன் நிற்கும்போது சில நாள் அந்த மாறிய முகம் எனக்குப் பின்னால் நிற்கிறது.

குடியாத்தத்துக்காரரைப் பிறகு ஒருமுறை தேடிப் போய்க் கேட்டேன். "எத்தினி சர்ச்சு, எத்தினி பொண்ணு! எனக்கு இன்னா தெரியும்ணா?" என்றார். முதல் வரிசையில் இருந்ததாகப் பெரியவர் சொன்னார். மாப்பிள்ளையின் தோழர்களும் அதே பக்கம்தான் இருந்திருப்பார்கள். அவள் பார்த்தது ஆண்கள் பக்கம் என்பது வரை உறுதி. யாரைப் பார்த்தாள் என்பதை என்னால் இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.