ராணிக்குக் கண்ணீர் அஞ்சலி

செவ்வாய்க்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பாகூரில் இருக்கும் தோழி.

"அக்கா, விஷயம் தெரியுமா? நம்ம ஜெராக்ஸ் ராணி போயிட்டாங்களாம். பஸ் ஸ்டாப்புல கண்ணீர் அஞ்சலி பேனர் வச்சிருக்காங்க. பஸ்ல வரச்சொல்லோ பாத்தேன்."

வாயில் பேஸ்ட் நுரையோடு அழுதிருக்கிறீர்களா? நான் அழுதேன்.

ராணி யார் என்று சொல்லிவிடுகிறேன். பாகூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். முதியோர் பென்ஷன் நின்றுபோனாலும், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும், காலனிப் பையன் எவனையாவது காரணமே இல்லாமல் ஸ்டேஷனில் உட்கார வைத்தாலும், மனு எழுதுவது அவள்தான். ஒரு வருடமாக அதிகம் எழுதுவது ஒரே விஷயம் பற்றி... காலனி மக்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதை. மனைப் பிரிவு போட்ட ஒருவர் அதையும் சேர்த்து வேலி கட்டி, கேட் வைத்துப் பூட்டிவிட்டார்.

அதை எதிர்த்து எழுத ஆரம்பித்த நாளிலிருந்து ராணிக்கு மிரட்டல். போனில் ஒரு முறை. பைக்கில் உரசிக்கொண்டு ஒரு முறை. கடைக் கண்ணாடியில் கல் ஒரு முறை. மூன்று தடவையும் ஸ்டேஷனுக்குப் போனாள். மூன்று தடவையும் ஏட்டு ஒரே கேள்வி கேட்டார். "யாருன்னே தெரியாம யார் மேலம்மா கேஸ் போடறது?"

அதனால்தான் தோழி சொன்னதும் நம்பிவிட்டேன். சொன்னதைச் செய்துவிட்டான்களே பாவிகள்! வில்லியனூரில் ரோஜா மாலை ஒன்று வாங்கி ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உறுவையாறு வரை அழுகை. அபிஷேகப்பாக்கம் வந்தபோது அழுகை போய்க் கோபம். ஊர் போய்ச் சேர்ந்தபோது, கடை திறந்திருந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம். மெஷினுக்குப் பக்கத்தில்... ராணி!

"வாக்கா. மாலை யாருக்கு?"

"சும்மா..." என்றேன். சும்மா யாராவது ரோஜா மாலை வாங்குவார்களா?

ராணி என் முகத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "நீ அஞ்சாவது ஆளுக்கா. ஒருத்தர் ஊதுவத்தியே கொண்டாந்துட்டாரு. இரு, கடைய மூடிட்டு வரேன். நீயும் வந்து பாரு, எம்மாம் அழகா கீறேன்னு."

பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். பெரிய பேனர்தான். நடுவில் ராணி, பின்னால் மேகம், ரெண்டு புறமும் குத்துவிளக்கு. தோற்றம் என்று அவள் பிறந்த தேதி சரியாகப் போட்டிருந்தான்கள். அதற்குக் கீழே, மறைவு: விரைவில்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. பஸ்ஸில் போகிறவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த ஒரு வார்த்தையைப் படிக்க வேண்டியவள் ராணி மட்டும்தான்.

"அதுக்குக் கீழ பாருக்கா" என்றாள் ராணி.

பார்த்தேன். நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

எங்கள் பக்கத்து பேனர் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? காதுகுத்தோ கருமாதியோ... நடுவில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி, கீழே 'இவண்' என்று போட்டு, வைத்தவர்கள் மூஞ்சி வரிசையாக வர வேண்டும். கூலிங் கிளாஸ் போட்டு, போனைக் காதில் வைத்து, எங்கேயோ பார்ப்பது போல. கொலை மிரட்டல் பேனரிலும் அந்த வரிசை இருந்தது! ஏழு முகம். ஏழு பெயர். இரண்டு பேருக்குப் பட்டப்பெயர் வேறு!

அய்யோ, நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... நடு ரோட்டில், கையில் மாலையோடு, கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கீழே.

பேனரின் ஓரத்தில், வழக்கம்போல, அச்சடித்த கடைக்காரர் பெயரும் நம்பரும். ராணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாஷா பாயா? கண்ணீர் அஞ்சலி பேனர்ல இருக்கற அம்மா பேசறேன்."

"யா அல்லாஹ்!"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டிங் மெஷின் நின்றது. பிறகு மெதுவாக, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார்.

பாய் சொன்னதன் சாரம் இது. பேனரில் இருக்கும் அந்த ஏழு பேர் குழு அவருடைய ரெகுலர் கஸ்டமர். அச்சடிக்க வேண்டிய மேட்டர் வாட்ஸ்அப்பில் வரும், அவர்களுக்கென்று இருக்கும் டிசைனில் அப்படியே ஏற்றிவிடுவார். "மேட்டர நான் படிக்கலம்மா, என் தப்புதான். போன தடவ அவங்க மூஞ்சி சின்னதா போச்சுன்னு கடைக்கே சண்டைக்கு வந்துட்டாங்க. அதான் இந்த தடவ பெருசாவே போட்டேன். அவங்க அனுப்புன மெசேஜ் அப்படியே இருக்குது. போலீஸ் கேட்டா காட்டறேன், பயப்படாதீங்க."

அவரா பயப்படாதீங்க என்கிறார்? குரல் கிடுகிடு என்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்னாரே!

இதற்குள் காலனிப் பெண்கள் பத்துப் பேர் வந்து பேனருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏன் என்கிறீர்களா? வைத்தவன்களே வந்து கிழித்துவிடுவான்களாம்! மிரட்டப்பட்டவள் பேனருக்குக் காவல், மிரட்டியவன்கள் கிழிக்கத் துடிக்கிறான்கள்... இந்தக் கூத்தை வேறு எங்கே பார்ப்பீர்கள்?

பயந்தது போலவே ஒருவன் பைக்கில் வந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். அதுவே அதிசயம். பேனர் கிட்டே வந்து அதைக் கழற்றினான். அடியில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவரான பச்சையம்மா நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"ஏய், தோ பாருங்கடி... மூணாவது மூஞ்சி!"

"அத்த, அந்த பேனர எடுத்துடறோம். யாரோ வெளாட்டுக்குப் பண்ணிட்டாங்க."

"ஏன்டா தம்பி, உன் போட்டோ நல்லாத்தான விழுந்துகீது? இன்னா அவசரம்? ஏட்டய்யா வந்து பாக்கட்டும்."

வண்டி வந்த வழியே திரும்பியது. பெண்கள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே நின்றுவிட்டது, ஏற ஆள் இருக்கிறது என்று நினைத்து.

மதியம் ஏட்டு வந்தார். பேனரை மேலிருந்து கீழே படித்தார். 'இவண்' வந்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "யாருன்னு தெரியலன்னு இப்ப சொல்ல முடியாதுங்களே?" என்று ராணி மரியாதையாகக் கேட்டாள். அன்று எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது. ஏழு பேர் பெயரும் இருக்கிறது. மனைப் பிரிவுக்காரர் பெயர் மட்டும் இல்லை. அவர் போட்டோதான் பேனரில் இல்லையே! சுடுகாட்டுப் பாதையில் அந்த கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

கடைக்குத் திரும்பினோம். ராணி மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்க ஆரம்பித்தாள். "உசுரோட இருக்கச்சொல்லோ போட்டுக்கறேன்கா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"காலைல ஸ்கூலுக்குப் போன பாப்பாதான்கா அத மொதல்ல பாத்தது. ஆறாவதுதான படிக்கறா. ஓடி வந்து கேட்டா... 'அம்மா, விரைவில்னா எப்பம்மா?'"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன மழையில் பச்சையம்மா வீட்டுக்காரர் இறந்தபோது நானும் போயிருந்தேன். கேட் பூட்டியிருந்ததால், முழங்கால் சேற்றில் நடவு வயல் வழியாகப் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு முறை பாடை சரிந்தது. என் கண்ணால் பார்த்தேன். காலனிக்கு வெளியே இருந்து வந்த ஒரே ஆள் நான்தான். "நேர்ல பாத்த சாட்சின்னு மனுவுல ஒரு கையெழுத்துப் போடுக்கா" என்று ராணி கேட்டு எட்டு மாதம் ஆகிறது. ஒரு தடவை "பாக்கலாம்" என்றேன். ஒரு தடவை கண்ணாடி எடுத்து வரவில்லை என்றேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. என்ன செய்ய? பயம்தான்.

அவள் செத்தாள் என்றதும் பத்து நிமிடத்தில் மாலை வாங்கத் தெரிந்தது எனக்கு. வெட்கமாக இருந்தது. மிரட்டுகிறவன்கள் பட்டப்பெயரோடு மூஞ்சியைப் போடுகிறான்கள், நான் என் பெயரை எழுதவே நடுங்குகிறேன்.

"அந்த மனு இருக்குதா ராணி?"

மேஜை டிராயரைத் திறந்து எடுத்தாள். ஓரம் பழுத்திருந்தது. 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே எனக்கு விட்ட இடம் அப்படியே காலியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதினேன். 

நீட்டிவிட்டுக் கேட்டேன்.

"போட்டோ வேணாமா?"