இடது கண்ணைப் பார்த்து அடி

ஐம்பதுகளின் நடுவில் நான் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். காலையில் சங்கு ஊதியதும் தொழிலாளிகள் வரிசையாக வந்து, பலகையில் தொங்கும் தங்கள் நம்பர் பொறித்த பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். எடுக்காத வில்லைகளைப் பார்த்து வராதவர்களைக் குறிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்கு மாதா கோயிலில் பாடுவேன். பின்பக்க மாடியிலிருந்து நான் பாடினால் பீடம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி. ஆறு மணிக்கு முடிந்துவிடும். வீட்டில் எட்டு மணி ஆகும் என்று சொல்லியிருந்தேன். இடையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்தில் ஒரு ஹாலில் நடக்கும் பாக்ஸிங்குக்குப் போய்விடுவேன்.

முதல் தடவை யாரோ கூப்பிட்டுத்தான் போனேன். அப்புறம் யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கயிறு கட்டிய மேடை, வேர்வையும் தைலமும் கலந்த வாடை, தோல் கையுறை தாடையில் படும் அந்த மொத்தென்ற சத்தம். வாரம் முழுவதும் குனிந்து நம்பர் எழுதுகிற எனக்கு அங்கே முதுகு நிமிர்ந்துகொள்ளும். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர், நெற்றியில் நாமத்தோடு. அவருக்கு மட்டும் இந்த விஷயம் தெரியும். ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தைக் காட்டுன்னு உங்க பகவான் சொன்னாரோன்னோ? நீங்க டிக்கெட் வாங்கிண்டு போய் ரெண்டு கன்னத்தையும் பார்த்துட்டு வரேளே!"

நானும் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமையும் டிக்கெட் வாங்கினேன்.

அந்த ஹாலில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர், எங்கள் பங்குக்காரர்தான். கோயிலில் ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் முழங்காலில் இருப்பார். ஒரு சனிக்கிழமை அவருக்கு எதிராக வெளியூரிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் வந்திருந்தார். நான் ஃபிட்டருக்காகத்தான் போயிருந்தேன், அவருக்காகத்தான் கைதட்டினேன். மூன்றாவது ரவுண்டில் ஃபிட்டரின் இடது புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. கூட்டம் எழுந்து நின்றது. நானும் எழுந்தேன்.

"இடது கண்ணு! அந்தக் கண்ணைப் பார்த்து அடி! அடி!"

என் குரல்தான். பட்டாளத்துக்காரர் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. அந்த இடத்தில் இன்னொரு குத்து விழுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். விழுந்தது. ஃபிட்டர் கயிற்றில் சாய்ந்து சரிந்தார். எனக்குள் ஒரு சந்தோஷம் பாய்ந்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் மூன்றாவது வரிசையில் அவர் இடம் காலி. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்க நான் மாடியிலிருந்து இறங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள்.

"ஏங்க நன்மை வாங்கல?"

"மறந்துபோய் காபி குடிச்சுட்டேன்."

நன்மை வாங்கும் வரை வெறும் வயிறாக இருக்க வேண்டுமென்று அவள்தான் காலையில் காபி போடவே இல்லையே! முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

திங்கட்கிழமை அவருடைய வில்லை பலகையிலேயே தொங்கியது. செவ்வாயும், புதனும். ஆப்சென்ட் என்று என் கையாலேயே எழுதினேன். வெள்ளிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, "சண்டை பார்த்ததை விடுங்க. நீங்க என்ன கத்தினீங்களோ, அதை அவர்கிட்டயே போய்ச் சொல்லுங்க. அதுதான் அபராதம்" என்றார்.

பத்து ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு காந்தி மார்க்கெட்டில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டார். ஃபிட்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இடது கண்ணில் கட்டு. பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அன்னைக்கு இடது கண்ணைப் பார்த்து அடின்னு ஒருத்தன் கத்தினான். அது நான்தாங்க."

"தெரியும் சார்" என்றார் அவர். "வாரா வாரம் பூசையில எனக்குப் பின்னாடி கேக்குற குரலாச்சே."

மடியிலிருந்த பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

"அந்தப் பட்டாளத்து ஆளு வடக்கத்திக்காரன் சார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. நீங்க சொன்னது எனக்கு மட்டும்தான் புரிஞ்சுச்சு. இது நம்ம பாட்டுக்காரர் குரலாச்சேன்னு லேசாத் திரும்பினேன்."

"அதனாலதான் அந்த அடி விழுந்துச்சா?"

"தெரியல சார். திரும்பாட்டியும் விழுந்திருக்கும். பார்வை பாதி வந்துரும்னு டாக்டர் சொல்றாரு." பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்துக் கையில் உருட்டினார். "இந்தச் சனிக்கிழமை யாரு சண்டை?"

நான் சொன்னேன். யார், என்ன எடை, யாருக்கு வலது கை நன்றாக வரும் என்று, முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கையை வீசிக் காட்டிச் சொன்னேன். அவரும் ஒற்றைக் கண் மின்னக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து விடைபெற்றேன்.

அன்று மாலை என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே, "பார்க்க நல்லாயிருக்குமா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல முடியவில்லை. "இருக்கும்" என்றேன்.

"அப்ப போங்க. ஆனா சனிக்கிழமை அங்க போயிட்டு ஞாயித்துக்கிழமை நாக்கை நீட்டாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஃபிட்டர் ஒன்றரை மாதம் கழித்து வேலைக்கு வந்தார். லேத் பக்கம் விடாமல் ஸ்டோரில் போட்டார்கள். மேடை ஏறுவதையும் விட்டுவிட்டார். நான் விடவில்லை. வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டு பார்த்தேன். எப்போது கத்திவிடுவேனோ என்று எனக்கே பயம். மனைவி சொன்னதை மீறவும் மனம் வரவில்லை. மற்றவர்கள் பீடத்துக்குப் போகும்போது நான் மாடியிலேயே நின்று பாடிக்கொண்டிருப்பேன். தவக்காலத்தில் மட்டும் ஹால் பக்கம் போகமாட்டேன். அது முடிந்து ஈஸ்டர் பாஸ்காவுக்கு இறங்கி வந்து நன்மை வாங்குவேன். பாட்டு நின்றுவிடக் கூடாதென்று தியாகம் செய்கிறேன் என்று பங்கில் சில பேர் மெச்சிக்கொண்டார்கள். நான் அதைத் திருத்தவில்லை.

இப்படியே எட்டு ஒன்பது வருடம். அறுபதுகளின் நடுவில் அந்த ஹாலில் பாக்ஸிங் நடத்துவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்க மாடிப்படி இறங்கிப் போனேன். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி திரும்பிப் பார்த்தாள், முகமெல்லாம் சந்தோஷம். நானாக விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். போவதற்குச் சண்டை இல்லாமல் போய்விட்டது என்பதை அவளிடம் நான் சொல்லவே இல்லை.