அப்பா உயர்த்திய தரை

திருச்சியில் தெப்பக்குளத்தை ஒட்டிய எங்கள் கடைவீதியில் யாரும் தெருப் பெயர் சொல்லி வழி காட்டமாட்டார்கள். "நிழல்லயே போங்க, நிழல் முடியற இடத்துல பஸ் நிக்கும்" என்பார்கள். நிழல் என்றால் மர நிழல் இல்லை. வரிசையாக இருபத்திரண்டு கடைகள், ஒவ்வொரு கடைக்கும் முன்னால் கல்தூண்கள் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வீதியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கூரை போட்ட பாதையாக அது ஓடியது. இடம் கடைக்காரர்களுடையது, நடக்கிற உரிமை ஊருடையது. இதை எந்தக் காலத்தில் யார் முடிவு செய்தார்களோ தெரியாது. மறுத்துப் பேசிய கடைக்காரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஊரே அந்த நிழலைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது என்பது என் கட்சி. வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் எதையாவது வாங்கினார்கள், அதனால் கடைகள் வந்தன. நிழலின் கடைசித் தூணருகே ஜனங்கள் காத்திருந்ததால் பஸ்ஸும் அங்கேயே நிற்கப் பழகிக்கொண்டது. பஸ் நின்றதால் எதிரே ஓட்டல் வந்தது, ஓட்டலுக்குப் பின்னால் புதுத் தெரு வந்தது. அறுபதுகளில் தென்னூர்ப் பக்கமும் மன்னார்புரம் பக்கமும் ஊர் பெருகியபோது ஆளுக்கொரு காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். நடக்கிறவன் தலைக்கு மேல் ஒன்றுமில்லை. அந்தத் தெருக்களில் குடையோடு நடந்தபோதெல்லாம், கட்டினவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

எனக்கு இதில் ஓரவஞ்சனை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் காலை எடுத்து வைக்க முடியும். வெறும் ரோட்டில் இருபது அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் எங்கள் வீட்டை ஒட்டியே தொடங்கிய தாழ்வாரத்தில் எனக்குத் தூண்கள் இருந்தன. ஒரு தூணை விட்டால் நாலு எட்டில் அடுத்த தூண். வலது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போய்வந்தேன். எந்தக் கடையின் தூண் வெயிலில் சுடும், எதில் எண்ணெய் பிசுக்கு ஒட்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஐம்பதுகளின் கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். அந்த வரிசையில் பன்னிரண்டாவது கடையாகப் பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பஸ் ஏறற இடம் வரைக்கும் தனியாப் போய்த் தனியா வர முடியும்னா படி, பாப்பா. முடியலைன்னா வீட்டோட இரு."

கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். தம்பி பள்ளிக்கூடம் போகிறவன், வீட்டில் அம்மாவுக்கு இரண்டு கைக்குழந்தைகள், கடையில் அவர் ஒற்றை ஆள். தனக்குப் பின்னால் இவள் என்ன செய்வாள் என்ற கவலை அவரைத் தின்றுகொண்டிருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அப்போது நான், "முடியும்" என்று மட்டும் சொன்னேன்.

ஜூலையில் வகுப்பு. அதற்கு முன் மே மாதம் முழுக்க ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். தினமும் காலையில் கோயிலுக்குப் போய் உள்பிராகாரத்துத் தூண் வரிசையில் நடந்து பழகினேன். வாசற்படிகளைத் தாண்ட மட்டும் அத்தையின் தோள் வேண்டும். தாண்டிவிட்டால் பிறகு நானும் தூண்களும்தான். முதல் வாரம் ஒரு பக்கம், கடைசி வாரம் நிற்காமல் ஒரு சுற்று. "பெருமாள் உனக்குன்னே கட்டி வச்சிருக்காரா?" என்று அத்தை கேலி செய்வாள். எனக்கென்னவோ அப்படித்தான் தோன்றியது.

ஜூன் மாதம் ஊர் திரும்பினேன். அப்பா வாயெல்லாம் பல்லாக, "கடையை வந்து பாரு" என்றார்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. நகராட்சிக்காரர்கள் பழைய ரோட்டின் மேலேயே மறுபடி மறுபடி தார் கொட்டி ரோட்டை உயர்த்திக்கொண்டே போனார்கள். மழைத் தண்ணீர் கடைகளுக்குள் எட்டிப் பார்த்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் தன் தரையைத் தாழ்வாரத்தோடு சேர்த்து அரை அடி ஏற்றிவிட்டார். பக்கத்துத் தரையைவிட நம் தரை தாழ்ந்தால் லட்சுமி அந்தப் பக்கம் நடந்துவிடுவாள் என்பது வீதியில் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. அன்றிலிருந்து அப்பா அவரோடு பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டார். நான் ஊரில் இல்லாத மாதத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டு, ஜவுளிக்கடையைவிட இன்னும் ஒரு சாண் உயரமாக, சிவப்பு சிமென்ட் பூசிய பளபளப்பான தரை போட்டிருந்தார்.

ஜவுளிக்கடைப் பக்கமிருந்து தூணைப் பிடித்து ஏறிவிட்டேன். ஏறுவது எனக்குப் பெரிய காரியமில்லை, நல்ல கால் முன்னால் போகும். ஆனால் மறுபக்கம் இருந்த காபிப்பொடிக் கடை இன்னும் பழைய தரையிலேயே கிடந்தது. எங்கள் தரையின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தேன். ஓரடிக்கு மேல் இறக்கம். இறங்கும்போது சூம்பிய கால்தான் முதலில் கீழே போக வேண்டும். அது அவ்வளவு தூரம் தாங்காது.

அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற வீம்பில் இறங்கினேன். அடுக்கி வைத்திருந்த குடங்களோடு சேர்ந்து விழுந்தேன். குடங்கள் வீதி நடுவரைக்கும் உருண்டன. அடி அதிகமில்லை, முழங்கை சிராய்த்ததோடு சரி. அப்பா என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. இந்த இறக்கத்தைப் பற்றி அவர் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கவில்லை. ஜவுளிக்கடைப் பக்கத்தை மட்டுமே பார்த்துப் பார்த்துத் தரையை உயர்த்தியிருக்கிறார்.

"தினம் ரிக்ஷா வச்சு விடறேன்" என்றார்.

"ரிக்ஷால போனா தனியாப் போன மாதிரி ஆகுமா? உங்க பேச்சுதானே அது?"

அவர் உருண்ட குடங்களைப் பொறுக்கப் போனார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரை வெறுத்தேன் என்றே சொல்ல வேண்டும். சொந்த மகள் நடக்கிற வழியைப் பெற்ற தகப்பனே அடைத்துவிட்டாரே என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். வகுப்பு தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது.

சனிக்கிழமை அப்பா என்னை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப் போனார். பஸ் காவிரிப் பாலம் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். தரிசனம் முடிந்து உள்பிராகாரத்துக்கு வந்ததும் நான் அவர் கையை விட்டுவிட்டு நடந்தேன். தூணுக்குத் தூண், திரும்பிப் பார்க்காமல், ஒரு முழுச் சுற்று. திரும்பி வந்தபோது அவர் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் இப்படி நடப்பேன் என்று அவருக்குத் தெரியாது.

"இங்க மட்டும் எப்படிப்பா தரை ஒரே மட்டமா இருக்கு?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை, குத்திக்காட்டத்தான் கேட்டேன்.

அவர் மெதுவாகச் சிரித்தார். "இங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தானே, பாப்பா. நம்ம வீதியில இருபத்திரண்டு பேர்."

"நடக்கற காலு ரெண்டு இடத்துலயும் இதேதான்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் என் சிராய்த்த முழங்கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது என்று தம்பி ஓடிவந்து சொன்னான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொத்தனாரோடு சேர்ந்து தாழ்வாரத்தின் சிவப்புத் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடைக்காரர் தன் தூணருகே நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னண்ணே, போன மாசம் போட்ட தரையாச்சே" என்றார் பொறுக்க முடியாமல்.

அப்பா நிமிராமல் சொன்னார். "பாப்பா ட்ரெயினிங் போகணும்."

"பழைய மட்டத்துக்கு எறக்கினா என் கடையைவிடத் தாழ்ந்து போயிடுமே?"

"போகட்டும்ங்க."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஜவுளிக்கடைக்காரர் தன் தரையை இடிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தபோது, அவர் தரை முடிந்து எங்கள் தரை தொடங்கும் இடத்தில் தூணை ஒட்டி ஒரு பலகைக் கல்லை நடுப்படியாகப் போட்டிருந்தார். பிறகு வந்த ஐப்பசி மழையில் எங்கள் தாழ்வாரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. விற்க வைத்திருந்த குண்டானையே எடுத்து அப்பா தண்ணீரை இறைத்தார். லட்சுமி பக்கத்துக் கடைக்குப் போனாளா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வகுப்பு தொடங்கிய நாள் காலையில் நான் தனியாகக் கிளம்பினேன். முதல் தூணிலிருந்து பதினோராவது கடைவரை எல்லாரும் தத்தம் வேலையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு என்னையே பார்த்தார்கள். பலகைக் கல்லில் கால் வைத்து எங்கள் கடைத் தாழ்வாரத்தில் இறங்கினேன். பெயர்த்த தரை இன்னும் சொரசொரப்பாகவே இருந்தது. அப்பா வீதிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை நெஞ்சு உயரத்தில் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. இன்றைக்குக்கூடப் பார்க்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே அடுத்த தூணைப் பிடித்தேன்.

நாலு தூண் தாண்டி, காபிப்பொடிக் கடைத் தாழ்வாரத்துக்குள் ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்து, அதன் தூணைப் பிடித்துக்கொண்டு மட்டும் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அப்பா அப்படியே முதுகைக் காட்டித்தான் நின்றார். ஆனால் துடைக்கிற துணி அசையவில்லை. தாம்பாளம் என் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்குள் அவர் முகம் தெரிந்தது. கண்கள் கலங்கியிருந்தன. அவை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று சட்டென்று திரும்பி, அடுத்த தூணுக்குக் கை நீட்டினேன். என் பயிற்சி முடிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை அந்தத் தாம்பாளத்தை எத்தனையோ பேர் கேட்டும் அப்பா யாருக்கும் விற்கவில்லை.