வாசலில் செருகிய வேப்பங்கொத்து

உடம்புச் சூட்டில் வாடும் வேப்பிலைக்கு ஒரு வாடை உண்டு. மரத்தடியில் வரும் கசப்பு வாசம் இல்லை அது, புழுங்கிய பச்சைத்தழையின் வாடை. எழுமலையில் எங்கள் வீட்டின் ஒற்றை அறை அந்த வாடையால் நிறைந்திருந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு; இலைகளின் மேல் படுத்திருந்த என் தங்கை செல்வி ஒன்றாம் வகுப்பு.

காய்ச்சலோடு அவளுக்கு மேலெல்லாம் சிவந்து தடித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்த மாத்திரத்தில், "ஆத்தா இறங்கியிருக்கா" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அம்மையை நோய் என்று சொல்ல மாட்டார்கள். அம்மனே பிள்ளையின் உடம்பில் வந்து தங்கியிருப்பதாகத்தான் கணக்கு. ஆகவே ஊசி, மாத்திரை கூடாது, அடுப்பில் தாளிக்கக் கூடாது, வெளியாள் நுழையாதிருக்க நிலைப்படியில் வேப்பங்கொத்து செருக வேண்டும். அம்மா செல்வியையே கும்பிட்டு, "குளுந்து போ தாயி" என்றார். பிள்ளை மிரண்டுபோய், "அம்மா, நான் செல்விம்மா" என்றாள்.

வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்து வந்த நர்சம்மா கொத்தைப் பார்த்துத் தெருவிலேயே நின்றார். "ஆத்தா வந்திருக்கா, உள்ள வராதீங்கம்மா" என்றார் அம்மா. நர்சம்மாவும் எங்கள் ஊர்க்காரர்தானே, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. ஆத்தா மனம் இரங்கிவிட்டாள் என்று, செல்விக்குத் தலைக்கு ஊற்ற மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர்ப் பானையை முற்றத்து வெயிலில் வைத்தோம். தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் அவள் கை கால் சில்லிட்டு, ஈறில் ரத்தம் கசிந்தது. அப்பா அவளை அள்ளிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். "இது அம்மை இல்லங்க, டெங்கு. காய்ச்சல் விடுறப்பதான் ஆபத்தே. இம்புட்டு நாளா ஏன் கொண்டு வரல?" என்று டாக்டர் கேட்டாராம். மறுநாள் அவளைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

இன்றும் நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மரத்தின் மேல் கோபித்து என்ன செய்ய, அது பாட்டுக்குத் துளிர்க்கிறது, உதிர்க்கிறது.

எங்கள் தெருவில் இப்போது உடம்பில் சின்னத் தடிப்பு கண்டாலும் டாக்டரிடம் போய்விடுகிறார்கள்; கொத்து செருகிய வாசலைப் பார்த்து வெகுகாலமாகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவைக் கவனிக்கிறேன். நர்சம்மா தெருமுனையில் தெரிந்ததுமே கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, "உள்ள வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க" என்கிறார். பார்ப்பதற்கு அந்த வீட்டில் இப்போது பிள்ளைகள் யாருமில்லை.