கிழக்கு பார்த்த நாற்காலி

அமல்ராணியின் வலது பாதத்தில் குண்டூசி ஏறியிருப்பதை முதலில் கண்டுபிடித்தது அமல்ராணி அல்ல; வல்லத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்த ஓர் அம்மாள்.

"ஏம்மா, தரையெல்லாம் ரத்தமா கீதே, யாருக்கு இன்னா ஆச்சு?"

யாருக்கு என்று அமல்ராணியும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

விழுப்புரத்தில் மூன்று மாடி எழுப்பியிருக்கும் அந்த ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் அவள் பதினோரு வருடமாக நிற்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று எழுதுவதுதான் வழக்கம். நிற்கிறாள் என்பதே பொருத்தம். கண்டமங்கலத்தில் பஸ் ஏறி நின்றுகொண்டு வருவாள், கடை சாத்தும்வரை நிற்பாள், நின்றுகொண்டே வீடு திரும்புவாள். பாதம் முதலில் எரிந்தது. பிறகு எறும்பு ஊர்ந்தது. பிறகு ஒன்றுமே தெரியாமல் மரத்துப்போனது. பட்டின் கௌரவத்தை முன்னிட்டு ஊழியர்கள் அங்கே செருப்புப் போடக்கூடாது என்பதால், புடவையிலிருந்து உதிரும் குண்டூசிகளுக்குப் போக்கிடம் பிரச்சினையாக இருந்ததில்லை.

அரசு மருத்துவமனை டாக்டர் சர்க்கரை பார்த்தார்; இல்லை. இடுப்பில் நரம்பு அழுந்துகிறது என்றார். மாத்திரையும் பயிற்சியும் சொல்லி, மணிக்கொரு தடவை கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். மாடி சூப்பர்வைசர் மணிமாறன் அதை வாசித்து மகிழ்ந்தார்.

"உக்காருன்னு மருந்து எழுதற டாக்டரை இப்பதான் பாக்கறேன். எந்த மெடிக்கல்ல கிடைக்கும்மா இது?"

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. சட்டம் கோட்டையில் பத்திரமாக இருக்கிறது, கடையில் இல்லை.

முதலாளி தேவநாதன் இரக்கமுள்ளவர். தரையில் ரத்தத்தைப் பார்த்ததும் மனம் கலங்கிவிட்டார். குண்டூசி குத்திய காலுக்கு அவர் கண்ட வைத்தியம், இன்னும் நிறைய ஊசி. திண்டிவனத்திலிருந்து அக்குபங்சர் பூவரசன் புதன்கிழமைதோறும் வரத் தொடங்கினார். நேற்றுவரை தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் விற்றவர்; இப்போது மனிதர்களைச் சுத்திகரிக்கிறார்.

"என்னை டாக்டர்னு கூப்பிடாதீங்க. அவங்க நோயைப் பாப்பாங்க. நான் சக்தியைப் பாக்கறேன்" என்று முதல் நாளே அறிவித்தார்.

சக்தியைப் பார்க்கப் படம் எடுக்க வேண்டியதில்லை, ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. மணிக்கட்டில் விரல் வைத்ததுமே அமல்ராணியின் கல்லீரல் கோபமாக இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருடம் நிற்க வைத்தவர் மேல் வரவேண்டிய கோபம் கல்லீரலுக்கு ஏன் வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது மாடி குடோனில், புடவை மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து, அவளைப் படுக்க வைத்து, காலிலும் கையிலும் மயிரிழை போன்ற ஊசிகளைச் செருகினார். விளக்கை அணைத்தார். அரை மணி நேரம் யாரும் கூப்பிடக்கூடாது, சக்தி கலைந்துவிடும். மணிமாறனே கதவைத் தட்டக்கூடாது.

எழுந்தபோது தரையின் குளிர்ச்சி பாதத்தில் தெரிந்தது. அமல்ராணி நம்ப முடியாமல் இன்னொரு தடவை காலை ஊன்றிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பூவரசன் அந்தக் கண்ணீரை மொபைலில் பிடித்து உலகத்துக்கு அனுப்பினார்.

அடுத்தடுத்த வாரங்களில் பட்டுப் பிரிவு முழுக்க நரம்பு நோய் பரவியது. சுடிதார் பிரிவுக்கும் தொற்றியது. எல்லோருக்கும் ஊசி, எல்லோருக்கும் குணம். மறுநாள் மதியத்துக்குள் வலி திரும்பிவிடும் என்பது மட்டும்தான் குறை. அதற்கும் பூவரசனிடம் பதில் இருந்தது: கழிவு வெளியேறுகிறது.

ஒரு புதன்கிழமை அவருடைய பைக் மயிலம் ரோட்டில் நின்றுவிட்டது. பெண்கள் வழக்கம்போல் குடோனில் படுத்துக் காத்திருந்தார்கள். கதவைத் தட்ட மணிமாறனுக்குத் துணிவில்லை. அரை மணி கழித்து எழுந்த அமல்ராணி காலை ஊன்றினாள். தரை குளிர்ந்தது.

"ஜெர்லின், உனக்கு எப்படிகீது?"

ஜெர்லின் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு சுடிதார் மடிக்கிறவள். "சூப்பரா கீதுக்கா. ஆனா ஊசியே குத்தலியே!" என்றவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, அப்போ இத்தினி நாளா நம்மள சரி பண்ணது ஊசி இல்ல. பாயி!"

"கத்தாதடி."

"மொதலாளிகிட்ட சொல்லலாம்க்கா. எல்லாம் டுபாக்கூருன்னு."

"சொல்லு. ஊசி போவும். பாயும் போவும். அப்புறம் அறிவியல் பேசிக்கினு நிக்கலாம்."

ஜெர்லின் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் பாய் வேறு வழியில் போயிற்று. தீபாவளி நெருங்கியது; சீசன் முடியும்வரை ஊசி கிடையாது என்று மணிமாறன் சொல்லிவிட்டார். காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்றுவரை கூட்டம். இரண்டாம் நாளே அமல்ராணி படிக்கட்டில் கால் வைத்தது தெரியாமல் நான்கு படி சறுக்கினாள். எலும்பு தப்பியது. "கால் சரியில்லன்னா சொல்லும்மா, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார் மணிமாறன், மிகுந்த அக்கறையோடு.

தன் சாமான்களை எடுத்துப்போக பூவரசன் வந்தபோது, அமல்ராணி அவரைக் குடோன் வாசலில் நிறுத்தினாள்.

"சார், கோவப்படாதீங்க. உங்க வண்டி நின்னுபோன அன்னிக்கும் நாங்க படுத்தோம். அன்னிக்கும் சரியாச்சு."

பூவரசனின் சக்தி கொஞ்சம் கலைந்தது. "யார்கிட்டயாச்சும் சொன்னியாம்மா?"

"இன்னும் சொல்லல."

"இன்னும்னா?"

"மொதலாளி நீங்க சொன்னா கேப்பாரு. குத்தின ஊசி வேலை செய்யணும்னா நடுவுல நடுவுல உக்காரணும்னு சொல்லுங்க. உங்க பேரும் கெடாது."

பூவரசன் போய்ச் சொன்னதைத் தேவநாதன் கவனமாகக் கேட்டார். சட்டம் சொன்னபோது கேட்காத காது, டாக்டர் எழுதியபோது காணாத கண், இப்போது இரண்டும் திறந்திருந்தன. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "எந்தத் திசை பாத்து உக்காரணுங்க?"

"கிழக்கு" என்றார் பூவரசன், யோசிக்காமல்.

மறுநாள் நாற்காலிகள் வந்தன. மணிமாறன் மொபைலில் திசைகாட்டி வைத்து அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டார். வாடிக்கையாளர்கள் மேற்கே இருந்தார்கள் என்பதால் அமல்ராணி அலமாரியைப் பார்த்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் புடவை விற்றாள். கழுத்து வலித்தது. கால் மரக்கவில்லை.

நாற்காலி நோயாளிகளுக்கு மட்டும் என்று உத்தரவு. ஜெர்லின் பொறுக்கமாட்டாமல் வந்தாள்.

"பொய் சொல்லித்தான் உக்காரணுமாக்கா? சட்டத்துலயே கீது."

"கீதுல்ல? நீ போயி சட்டத்துல உக்காரு. நான் இதுல உக்காந்துக்கறேன்."

ஜெர்லின் காலியாயிருந்த ஒரு நாற்காலியைச் சரக்கென்று மேற்கே திருப்பிப் போட்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மணிமாறன் ஓடிவந்தார். "ஏய், உனக்கு இன்னா நோவு?"

"நோவு ஒண்ணும் இல்ல சார். உக்காந்துகினு கீறேன்."

"போட்ட ஊசி வேலை செய்யறதுக்கா உக்காந்தே?"

"இல்ல சார்."

"எழுந்திரு. இன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடுவேன்!"

அமல்ராணி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் இந்த நாற்காலி அவளுக்கு நிச்சயம். பதினோரு வருடத்தில் கடை அவளுக்குத் தந்த ஒரே மரியாதை.

அவள் எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து மேற்கே திருப்பினாள். ஜெர்லினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அமல்ராணி, அது வைத்தியம்! திசை மாறினா வேலை செய்யாது!" என்று மணிமாறன் பதறினார்.

"எனக்கு செய்யும் சார்" என்றாள் அமல்ராணி. எதிரே மஞ்சள் பையோடு நின்றிருந்த பெண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "வாங்கம்மா, நீங்களும் உக்காருங்க. இன்னா கலர் பாக்கறீங்க?"