எட்டாவது துண்டு

எங்கள் பகுதியில் ஒரு வதந்தி காலையில் சவரக்கடையில் பிறந்தால் மாலைக்குள் அதற்கு மீசை முளைத்துவிடும். ஆகவே, தார்ப்பாய் அக்காவுக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாது என்று முதலில் காதில் விழுந்தபோது நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்த ஒருவர், "எண்ணல்லாம் தெரியும். எட்டாவத அவ புருஷன் பழைய இரும்புக்குப் போட்டுட்டான்" என்றார். அடுத்ததாகக் காத்திருந்தவர், "அதெல்லாம் இல்ல, மாடு தின்னுடுச்சு" என்று முடித்தார். மாடு மறுப்பு அறிக்கை விடாது என்ற தைரியம்.

விவகாரம் இதுதான். கால்நடை மருத்துவமனை முற்றத்தில், நோயாளிகள் வெயிலில் காயாமல் இருக்க ஒரு கூரை போடச் சொன்னார் டாக்டரம்மா. நடுவில் உயரமான கம்பம், சுற்றிலும் எட்டுக் கம்பங்கள், மேலே தார்ப்பாய். எட்டு ஏன் என்றால், கம்பத்துக்கு ஒரு நோயாளியாகக் கட்டலாம், ஒன்றை ஒன்று கடிக்காது. நான் போய் எண்ணினேன். சுற்றிலும் ஏழுதான் இருந்தது. ஏழு கம்பம், மேலே ஏழு தார்ப்பாய்த் துண்டு. சந்தேகத்தின் பலனை அக்காவுக்குக் கொடுத்து மறுபடி எண்ணினேன். ஏழாவது கம்பத்தில் இருந்த கிடாய் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு முன்னால் பல பேர் வந்து எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

சரி, சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடுவோம் என்று பட்டறைக்குப் போனேன்.

தார்ப்பாய் அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. குரல் கொஞ்சம் பெரிது. தையல் இயந்திரத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று பழகிப் பழகி, இப்போது இயந்திரம் ஓடாதபோதும் அதே சுதியில்தான் பேசுகிறார். பட்டறை என்பது ஒரு நீள அறை. பாதியில் அவருடைய தார்ப்பாய்ச் சுருள்கள், மீதியில் அவர் கணவரின் இரும்புக் குழாய்கள். கணவர் வெல்டர். இருவருக்கும் நடுவில் தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று உண்டு. அவருடைய தீப்பொறி கோட்டைத் தாண்டக் கூடாது, இவருடைய நூல் கோட்டைத் தாண்டக் கூடாது. பேச்சு மட்டும் நாள் முழுக்கத் தாராளமாகத் தாண்டும்.

இதற்கு முன்னால் அக்கா ஒரு திரைச்சீலைக் கடையில் தைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் கடைசி இயந்திரம். வந்து விழுவதெல்லாம் செவ்வகம். செவ்வகத்துக்கு நான்கு ஓரம் மடித்துத் தைத்தால் சம்பளம். வெட்டுகிற வேலை மட்டும் மாஸ்டர் கையில். அவர் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ நாட்டின் ரகசியம் போலத் துணி வெட்டுவார். அக்கா ஒரு நாள் தானும் வெட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டார்.

"தைக்கிற கை வேற, வெட்டுற கை வேறம்மா. உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?"

"தலை என்னுது தானே மாஸ்டர், வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

அந்த வாரமே கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மாஸ்டர் கோபிக்கவில்லை. அதுதான் கொடுமை. "போயிட்டு வா. ஜன்னலோர நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன். ஒரு மாசத்துல வருவ, தூசி தட்டிட்டு உட்காரு" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். திட்டி அனுப்பியிருந்தால் மறந்திருக்கலாம். காலியாகக் கிடக்கிற அந்த நாற்காலி அக்காவின் தூக்கத்தில் வர ஆரம்பித்தது.

டாக்டரம்மாவின் கூரைதான் சொந்தமாக வெட்டும் முதல் வேலை. இது விளங்காவிட்டால் மறுபடி அந்த நாற்காலிதான்.

அக்காவுக்குப் பள்ளிக்கூடக் கணக்கில் எல்லாமே போய்விட்டது. ஒன்று மட்டும் தங்கியது. ஒரு புள்ளியைச் சுற்றி உள்ள கோணங்களை எல்லாம் கூட்டினால் முந்நூற்று அறுபது டிகிரி. ஏழாம் வகுப்பில் கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது இதைச் சரியாகச் சொன்னதும் வகுப்பே கைதட்டியது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கைதட்டு வாங்கித் தந்த விஷயத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆகவே மகளின் பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்தார். எட்டுத் துண்டுகள், எட்டும் நடுவில் ஒரு புள்ளியில் சேர வேண்டும். முந்நூற்று அறுபதை எட்டால் வகுத்தால் நாற்பத்தைந்து. பத்தடி நீளத்தில் இரண்டு சம பக்கங்கள், உச்சியில் நாற்பத்தைந்து டிகிரி, அடியில் இரண்டு மூலையிலும் அறுபத்தேழரை. கூட்டினால் நூற்று எண்பது. எட்டு முக்கோணங்களையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் நூலிழை பிசகில்லை. இரட்டைத் தையல் போட்டு எல்லாவற்றையும் சேர்த்தார். தெருவைப் பெருக்கி விரித்தார்கள். அழகான எண்கோணம். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மேடு இல்லை. பாய் போலப் படுத்துக் கிடந்தது. தெருவில் போனவர்கள் நின்று, "அடேங்கப்பா, என்னமா உட்கார்ந்திருக்கு" என்றார்கள். வெல்டரே வாயைத் திறந்து, "பரவால்ல, வெட்டத் தெரியுது உனக்கு" என்றார். அவர் அகராதியில் அது பொன்னாடை.

அது அவ்வளவு அழகாகப் படுத்ததுதான் அதன் குற்றம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மருத்துவமனை முற்றத்தில் வெல்டர் சட்டத்தை நிறுத்தினார். நடுக் கம்பத்தின் தலையில் ஒரு வட்டத் தகடு. அதிலிருந்து எட்டுப் பக்கமும் குடைக்கம்பி போலச் சரிந்து இறங்கும் குழாய்கள். கம்பங்களை இன்னும் தரையில் ஊன்றவில்லை, சும்மா நிறுத்தி வைத்திருந்தார். தார்ப்பாயை மேலே ஏற்றி ஓரங்களைக் கட்டினார்கள். கட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால், ஒவ்வொரு இரண்டு குழாய்க்கும் நடுவில் துணி தளர்ந்து தொங்கியது.

டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்து சுற்றிப் பார்த்தார்.

"நான் கூரை கேட்டேன். நீங்க எட்டுத் தொட்டில் கட்டியிருக்கீங்க."

"இழுத்துக் கட்டினா சரியாயிடும் டாக்டரம்மா" என்றார் அக்கா.

கம்பவுண்டர் ஒரு குவளைத் தண்ணீரை மேலே வீசினார். தண்ணீர் இறங்கவில்லை. ஒரு தொட்டிலில் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது.

"மழை பெஞ்சா மேல மீன் வளக்கலாம்" என்றார் கம்பவுண்டர்.

"நாளைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றுவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார். குரலில் கோபம் இல்லை. அக்காவுக்கு மறுபடியும் அந்த நாற்காலி ஞாபகம்.

"அங்கங்க கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுடேன்" என்றார் வெல்டர்.

"தப்பாப் போனா தார்ப்பாயப் பிரிச்சுத் தைக்க முடியுமாய்யா? ஊசி குத்தின ஓட்டை அப்படியே நிக்கும். அப்புறம் அது கூரை இல்ல, சல்லடை."

"அப்போ உன் கணக்குல தப்பு."

"என் கணக்குல தப்பே இல்ல. உன் குழாய் சரிஞ்சிருக்கு."

"கூரைன்னா சரியத்தாண்டி செய்யும். படுத்திருந்தா அதுக்குப் பேரு தரை."

அந்த நேரம் இருவரும் அதைச் சண்டையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். விடையே அதுதான் என்று தெரிய ஒரு நாய் வரவேண்டியிருந்தது.

முதுகில் தையல் போட்ட நாய். தையலை நக்கிவிடாமல் இருக்க அதன் கழுத்துக்குக் கம்பவுண்டர் ஒரு கூம்பு தயார் செய்துகொண்டிருந்தார். பழைய எக்ஸ்ரே படலத்தை வட்டமாக வெட்டி, நடுவில் கழுத்துக்கு ஓட்டை போட்டு, விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரு துண்டை நறுக்கி எறிந்தார். வெட்டிய இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒட்டியதும் தட்டையாக இருந்த படலம் எழுந்து கூம்பாகிவிட்டது. நாய்க்கு மாட்டினார். நாய், பதவியேற்ற மாதிரி ஒரு முகத்தோடு உட்கார்ந்தது.

அக்கா கீழே கிடந்த அந்த நறுக்கிய துண்டைக் கையில் எடுத்தார்.

"இதை வெட்டாம விட்டா என்ன ஆகும்?"

"வெட்டாம விட்டா எப்படிக்கா கூம்பாகும்? தட்டு மாதிரி கிடக்கும்."

அக்கா கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது. பிறகு எழுந்து போய்க் கட்டுகளை அவிழ்த்து, தொங்கிய துணியை எல்லாம் குழாய் குழாயாகத் தள்ளித் தள்ளி ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தார். எட்டுத் தொட்டிலும் சேர்ந்து ஒரே மடிப்பாகத் தொங்கியது. மடிப்பின் வாயைக் கையால் சேர்த்துப் பிடித்தார். அடுத்தடுத்த இரண்டு தையல்களும் வந்து ஒன்றாய் நின்றன. நடுவில் முழுசாக ஒரு துண்டு, நாக்கு மாதிரி வெளியே தொங்கியது.

"ஏங்க, ஒண்ணு அதிகம்."

"என்ன ஒண்ணு?"

"ஒரு துண்டு. முந்நூத்தி அறுபது முழுசா வச்சேன்ல, அது படுக்கத்தான் செய்யும். எந்திரிக்கணும்னா கொஞ்சம் குறையணும்."

வெல்டர் மடிப்பைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அப்போ ஏழு துண்டுக்கு எட்டுக் குழாய வச்சு நான் என்ன பண்றது?" என்றார். அவர் தோல்வியை ஒப்புக்கொள்கிற முறை இது.

அக்கா கத்தரியை எடுத்தார். இதுவும் தப்பானால் வேறு தார்ப்பாய் வாங்க வழியில்லை. ஒரு துண்டை அதன் தையலை ஒட்டி வெட்டி எடுத்தார். மிச்சம் இருந்த இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தார். அப்பாவித் துண்டு ஒன்று தரையில் கிடந்தது.

இப்போது தகடு. அதில் குழாய்களைத் தாங்கிய எட்டுப் பிடிகளையும் அறுத்துவிட்டு ஏழாக வைக்க வேண்டும். முந்நூற்று அறுபதை ஏழால் வகுக்க உட்கார்ந்த வெல்டர், ஐம்பத்தொன்று வந்த பிறகும் புள்ளிக்குப் பின்னால் எண்கள் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்துப் பென்சிலை எறிந்தார்.

"இது முடியாது போல. சீரியல் மாதிரி போய்க்கிட்டே இருக்கு."

"டிகிரிய விடுங்க. அதான் என்னக் கவுத்துச்சு. சுத்தளவு எவ்வளவுன்னு பாருங்க."

தகட்டின் விளிம்பில் டேப்பைச் சுற்றினார். எழுபது சென்டிமீட்டர். அவர் நம்பாமல் மறுபடி சுற்றினார். எழுபதேதான். அளவெடுத்துச் செய்த தகடு அல்ல, ஏதோ பழைய பீப்பாயின் மூடி. பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டார். ஏழு கோடுகள், ஏழாவதிலிருந்து அளந்த பத்து முதல் கோட்டிலேயே வந்து விழுந்தது. "இந்த மூடி மட்டும்தான் இந்த வீட்ல என் பேச்சக் கேக்குது" என்று வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டார். உள்ளே சிரித்ததாக அக்கா சொல்கிறார். சாட்சி இல்லை.

மறுநாள் மதியம் கூரை ஏறியது. கட்டியதும் தார்ப்பாய் விறைத்து நின்றது. விரலால் தட்டினால் மேளம் போலச் சத்தம். கம்பவுண்டர் இந்த முறை குவளையோடு நிற்கவில்லை, வாளியோடு ஏணியில் ஏறினார். ஊற்றிய தண்ணீர் ஒரு நொடி கூட உட்காராமல் சரசரவென்று இறங்கி, சரியாக அவருடைய செருப்பிலேயே விழுந்தது. நாலைந்து வாளி ஊற்றினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. டாக்டரம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ம்" என்றார். பிறகு, "அந்தக் கறவை மாட்டக் கொண்டாந்து நிழல்ல கட்டுங்க" என்றார்.

அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் கூம்பு போட்ட நாய், மறுபக்கம் யாருடையதோ ஓர் ஆடு. நாயின் தலையைத் தடவ முடியாததால் கூம்பைத் தடவிக் கொடுத்தாராம்.

மாஸ்டரும் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்து எண்ணினார். "எட்டுன்னு சொன்னாங்க, ஏழுதான் இருக்கு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார். அவர் நேராகப் போனது சவரக்கடைக்கு. வதந்தியின் பூர்வீகம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். மாஸ்டர் கிளம்பும்போது அக்கா கேட்டாராம்:

"நாற்காலி எப்படி இருக்கு மாஸ்டர்?"

"அதுவா... அதுல போன வாரமே ஒரு பொண்ணு வந்து உட்காந்துடுச்சும்மா."

இதைச் சொல்லும்போது அக்கா சிரித்த சிரிப்பில் இயந்திரம் நின்றுவிட்டது. தூக்கத்தில் வந்த நாற்காலியில் ஆள் ஏறியாயிற்று. இனி அது வந்தாலும் அந்தப் பெண்ணோடுதான் வரும்.

ஆக, அக்காவுக்கு எட்டு வரை எண்ணத் தெரியும். வெல்டர் எதையும் விற்கவில்லை. எட்டாவது கம்பத்தை டாக்டரம்மா கேட்டு வாங்கி, வாசலுக்குப் பக்கத்தில் தனியாக நட்டுவிட்டார். யாரோடும் ஒத்துப்போகாத ஒரு காளை வந்தால் அங்கே கட்டுகிறார்கள். மாட்டின் மேல் சுமத்திய பழியும் இத்தோடு தள்ளுபடி.

எட்டாவது துண்டு மட்டும் பாக்கி. எட்டுத் துண்டுக்குப் பேசியது, ஏழுதான் மேலே இருக்கிறது, மீதி எங்களுடையது என்பது டாக்டரம்மாவின் வழக்கு. நியாயம்தான். அந்தத் துண்டு இப்போது பட்டறை வாசலில் உச்சி கீழே தொங்க, காலை வெயிலை மறைத்துக்கொண்டிருக்கிறது. நான் அங்கே இருந்தபோதே டாக்டரம்மா ஸ்கூட்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"காளை நிழல் இல்லாம நிக்குது. என் துண்டு எப்போ வரும்?"

"தர்றேன் டாக்டரம்மா. ஆனா ஒத்தக் கம்பத்துல இதக் கட்டினா அது கூரை இல்ல, கொடி."

"கொடியாவே இருக்கட்டும். எப்போ?"

"வெயில் குறையட்டும் டாக்டரம்மா" என்றார் அக்கா, துண்டின் நிழலில் நின்றபடி.